இடம்பெயர்ந்தோர் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கினால்: முதல் சில நாட்களுக்கான ஒழுங்கு

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் யாழ் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்தைத் தென்மராட்சியின் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் வீட்டு முற்றங்களும் தாங்கியதை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு, சாப்பாட்டுப் பார்சல் எப்படியும் வந்து சேரும் என்பது தெரியும். தானாக வந்து சேராதவை தண்ணீரும் மலசலகூடமுமே. தங்கும் நிலையத்துக்குப் பொறுப்பானவர் அவற்றுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்தவுடன், வாசலில் ஒருவரைக் கொப்பியுடன் இருத்திக் குடும்பம் குடும்பமாகப் பதியுங்கள். அடையாள அட்டை இல்லையென்று எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள், தனித்து வந்த பிள்ளைகள் ஆகியோரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் என்று சொல்லி வருபவரிடம் பிள்ளையை உடனே ஒப்படைக்காமல், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ 1929 என்ற இலக்கத்துக்கோ தெரிவியுங்கள்.

ஸ்பியர் எனப்படும், மனிதாபிமான உதவிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச நியமங்களின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீரும், 250 பேருக்கு ஒரு குழாயும் தேவை. 600 பேர் வந்தால் 9,000 லீற்றரும் 3 குழாய்களும் வேண்டும். பள்ளிக்கூடக் கிணறு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மலக்குழியின் கழிவு மண்ணில் வடிகட்டப்படாமலே கிணற்றை எட்டிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே பொதுவாகச் சொல்லப்படும் 30 மீற்றர் இடைவெளி இத்தகைய பாறையில் போதாது. ஆகவே புதிய குழி வெட்டுவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். முடிந்தால் குழிக்குப் பதிலாக மூடிய தாங்கி வைத்து, கலிபவுசரால் (கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டியால்) அகற்றுவதே நல்லது. குடிதண்ணீரை பவுசரில் எடுப்பித்துத் தாங்கியில் குளோரின் இட்டு, அரை மணித்தியாலம் விட்டு, குழாயடியில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளோரின் மணக்கிறதென்று சிலர் கிணற்றுத் தண்ணீரையே அள்ளிக் குடிப்பார்கள். எச்சரிக்கைப் பலகை எழுதுவதைவிட, கிணற்றடியிலுள்ள வாளியைக் கழற்றி வைப்பது பலன் தரும்.

தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு மலசலகூடம், பின்னர் 20 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று. உள்ளே கொண்டியும் வெளியே விளக்கும் இல்லாவிட்டால் பெண்கள் இரவில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

தங்குவதற்கு ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் இடம் என்றால், 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் 10 பேர்தான் இருக்கலாம். நடைமுறையில் அது கைகூடாது என்பது உண்மை. எனினும் மிஞ்சுபவர்களுக்கு முற்றத்தில் தறப்பாள் கட்டும்போது, ஒரே ஊரவரைப் பக்கத்துப் பக்கத்தில் இருத்துங்கள்.

காலையில் கட்டிய பார்சலைப் பின்னேரம் கொடுக்க வேண்டாம். சில நாட்களில் உலர் உணவுக்கு மாறி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி கிடைக்கும்படி அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி ஆகியவற்றை அளந்து கொடுத்து, சமையல் முறைப் பட்டியலை வந்தவர்களிடமே விட்டுவிடுங்கள்.