லேப் கணினிகளுக்கு டெபியன் தானியங்கி நிறுவல்: மென்பொருள் பட்டியலை எப்படித் தயாரிப்பது

சென்னைப் பொறியியல் கல்லூரி லேப்களில் செமஸ்டர் தொடங்குவதற்கு முன் நாற்பது, ஐம்பது கணினிகளில் ஒரே மாதிரி டெபியன் லினக்ஸ் போட வேண்டியிருக்கும். அதற்கு, நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் ப்ரீசீட் கோப்புதான் வழி. வட்டுப் பிரிப்பும் பயனர் கணக்கும் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. அடிக்கடி உடைவது மென்பொருள் பட்டியல். முதல் பூட்டில் கட்டாயம் இருக்க வேண்டியதை மட்டும் அதில் வையுங்கள். மீதியை எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைந்து) பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கோப்பில் இதற்கு இரண்டு இடங்கள் உண்டு. டாஸ்க்செல்/ஃபர்ஸ்ட் என்ற வரியில் தொகுப்புகள்: ஸ்டாண்டர்ட், எஸ்எஸ்எச்-சர்வர், எக்ஸ்எஃப்சிஈ-டெஸ்க்டாப் போன்றவை, காற்புள்ளி போட்டு. பிகேஜிசெல்/இன்க்ளூட் என்ற வரியில் தனி பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்), இடைவெளி விட்டு. (கோப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் எழுத வேண்டும்.) டெஸ்க்டாப் என்று மட்டும் எழுதினால் க்னோம் டெஸ்க்டாப் வந்து இறங்கும். ரிச்சி தெருவில் வாங்கிய 4 ஜிபி ரேம் பழைய கணினிக்கு அது பாரம்; எக்ஸ்எஃப்சிஈ என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

பட்டியலை நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஒரு கணினியில் கையால் டெபியன் போட்டதும் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் கட்டளையின் (சார்பாக வராமல் நேரடியாக நிறுவப்பட்ட பேக்கேஜ்களைக் காட்டுவது) விடையை ஒரு கோப்பில் சேமியுங்கள். பாடத்திட்டத்துக்குத் தேவையானதையெல்லாம் நிறுவி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தபின் அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவதில் புதிதாக வந்திருக்கும் பெயர்களே உங்கள் பட்டியல். டிபிகேஜி கெட்-செலக்‌ஷன்ஸ் விடையை அப்படியே ஒட்டக் கூடாது. சார்பு நூலகங்கள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கும். அடுத்த பதிப்பில் அவற்றில் பல மாறியிருக்கும்.

பெயர் மாறுவதுதான் பெரிய தலைவலி. இன்க்ளூட் வரியில் உள்ள எல்லாப் பெயர்களும் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட்-கெட் கட்டளையின் ஒரே அழைப்பில் போகின்றன. ஒன்று கிடைக்காவிட்டாலும் அழைப்பு முழுவதும் தோற்கும், சிவப்புத் திரை வரும், நிறுவல் அங்கேயே நின்றுவிடும். டெபியன் 12-க்கு ஜாவாவுக்காக ஓபன்ஜேடிகே-17-ஜேடிகே என்று எழுதியிருந்தால் 2025-இல் வந்த டெபியன் 13-இல் அந்தப் பெயர் இல்லை. டிஃபால்ட்-ஜேடிகே என்று எழுதினால் இரண்டிலும் வேலை செய்யும். மைசீக்வல்-சர்வர் என்ற டேட்டாபேஸ் பேக்கேஜும் அப்படித்தான்: டெபியனில் மரியாடிபி-சர்வர் என்று கேட்க வேண்டும். நிறுவப் போகும் அதே பதிப்பு ஓடும் ஒரு மெய்நிகர் கணினியில் ஆப்ட்-கெட் இன்ஸ்டாலை -எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள்; இல்லாத பெயர் உடனே தெரிந்துவிடும். டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ் -சி கோப்பின் வடிவத்தை மட்டுமே சோதிக்கும், பேக்கேஜ் பெயரைச் சோதிக்காது.

வடிவத்திலும் ஒரு பொறி உண்டு. ஸ்ட்ரிங், மல்டிசெலக்ட் போன்ற வகைச் சொல்லுக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் இருக்கலாம். கூடுதலாக விட்டால் அது மதிப்பின் பகுதியாகிவிடும். அழகுக்காக வரிசைப்படுத்தாதீர்கள். நீண்ட வரியைப் பின்சாய்கோடு போட்டு உடைக்கலாம், ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் உடைக்கக் கூடாது.

இடம் மிச்சம் பிடிக்க, பரிந்துரைக்கப்படும் பேக்கேஜ்களையும் சேர்த்து நிறுவச் சொல்லும் இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கத் தோன்றும். டெஸ்க்டாப் கணினிகளில் வேண்டாம். டெஸ்க்டாப் தொகுப்புகள் லிப்ரே ஆஃபிஸ், நெட்வொர்க் மேனேஜர் ஆப்லெட் போன்றவற்றைப் பரிந்துரையாகத்தான் வைத்திருக்கின்றன. அணைத்தால் பாதி டெஸ்க்டாப்தான் வரும்.

நிறுவும்போது கேள்வி கேட்கும் பேக்கேஜ்களுக்குப் பதிலையும் கோப்பிலேயே எழுதிவையுங்கள். நெட்வொர்க்ஸ் லேபுக்கு, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் கட்டாயம் வேண்டும். சாதாரணப் பயனர் பாக்கெட் பிடிக்கலாமா என்ற அதன் கேள்விக்கு இயல்பான பதில் ‘இல்லை’. அப்படியே விட்டால் மாணவர்களுக்கு இடைமுகங்கள் தெரியாது. வயர்ஷார்க்-காமன்/இன்ஸ்டால்-செட்யுஐடி மதிப்பை ட்ரூ ஆக்குங்கள். அந்த வரியின் முதல் சொல், பல வரிகளில் வருவது போல டி-ஐ (டெபியன் நிறுவி) அல்ல, வயர்ஷார்க்-காமன். கேள்வியின் உரிமையாளர் பெயரான அந்த முதல் சொல் தவறினால் பதில் போய்ச் சேராது. நிறுவலின் முடிவில் ஓடும் லேட்_கமாண்டில், நிறுவிய அமைப்புக்குள் கட்டளையை ஓட்டும் இன்-டார்கெட் மூலம் மாணவர் கணக்கை வயர்ஷார்க் குழுவிலும் சேர்க்க வேண்டும்.

தமிழை மறந்துவிடாதீர்கள். டாஸ்க்செல் மொழித் தொகுப்பை லொகேலை (மொழி-நாடு அமைப்பை) பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. நம் லேப்களில் பெரும்பாலும் ஆங்கிலம்-இந்தியா என்று வைப்பதால் தமிழ் தானாக வராது. ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல், ஐபஸ்-எம்17என் இரண்டையும் இன்க்ளூட் வரியில் சேருங்கள். தமிழ்99 விசைப்பலகை இரண்டாவதோடு வந்துவிடும். எழுத்துருப் பெயரின் கடைசிப் பகுதி டி, ஏ, எம், எல் என்ற நான்கே எழுத்து.

நாற்பது கணினிகளும் ஒரே இணைப்பில் ஒரே பேக்கேஜ்களை இறக்கினால் நாள் முழுக்கப் போய்விடும். ஒருமுறை இறக்கிய பேக்கேஜைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை ஒரு கணினியில் போட்டு, மிரர்/ஹெச்டிடிபி/ப்ராக்ஸி வரியில் அதன் முகவரியையும் 3142 என்ற போர்ட்டையும் கொடுங்கள். அந்த ப்ராக்ஸி நிறுவிய கணினியின் ஆப்ட் அமைப்பிலும் எழுதப்பட்டு நின்றுவிடும். கேச் கணினியை அணைத்த நாளில் எந்தக் கணினியிலும் ஆப்ட் அப்டேட் ஓடாது. அதை நிரந்தரமாக ஓட விடுங்கள், அல்லது லேட்_கமாண்டில் அந்த வரியை நீக்குங்கள்.

அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு, அங்கே ப்ரீசீட்டின் இடத்தில் இருக்கும் கிக்ஸ்டார்ட் கோப்பின் பேக்கேஜஸ் பகுதி இதே வேலையைச் செய்யும்: குழுவுக்கு முன்னால் @, வேண்டாததற்கு முன்னால் கழித்தல் குறி. இக்னோர்மிஸ்ஸிங் சேர்த்தால் இல்லாத பேக்கேஜுக்காக நிறுவல் நிற்காது. ஆனால் ஜிடிபி (நிரல் பிழைதிருத்தி) இல்லை என்பது பிராக்டிகல் நடக்கும்போதுதான் தெரியவரும். நிறுவல் நிற்பதே மேல்.

டெபியன் நிறுவலில் சிவப்புத் திரை வந்தால் ஆல்ட்டுடன் எஃப்4 அழுத்துங்கள்; நிறுவல் பதிவு (லாக்) தெரியும். வரைகலை நிறுவியில் கன்ட்ரோலும் சேர வேண்டும். ‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்ற வரியைத் தேடுங்கள். எந்தப் பெயரில் பிழை என்று அங்கேயே இருக்கும். நிறுவல் முடிந்த கணினியில் அதே பதிவு வார்/லாக்/இன்ஸ்டாலர் அடைவில் கிடைக்கும்.