தனிமையில் இறைத்துணை: மலைக்கும் ஆற்றுக்கும் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்ச் சத்தம் எட்டாத ஓர் இடத்தில் தனியே உட்கார்ந்து இறைவன் உடனிருப்பதை உணர வேண்டும் என்ற ஆசை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பலருக்கு உண்டு. அதற்கேற்ற மலைகளும் ஆறுகளும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால், அப்படிப் போய்வந்தவர்கள் பலர் ‘எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை’ என்று சொல்லிச் சோர்ந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அவர்கள் செய்யும் முதல் தவறு, உடல் சிலிர்க்க வேண்டும், கண்ணீர் பெருக வேண்டும், ஏதேனும் ஓர் அறிகுறி தென்பட வேண்டும் என்று முன்னதாகவே முடிவுகட்டிக்கொண்டு போவதுதான். அப்படிப் போகிறவர் மலையைப் பார்ப்பதில்லை. ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று தம் மனத்தையே சோதித்துக்கொண்டிருக்கிறார். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். அரூரை அடுத்த தீர்த்தமலையில், ஒரு பங்குனிக் காலையில், பாறை முகட்டிலிருந்து இராமர் தீர்த்தம் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாறையின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, வெயிலை ஒரு கணம் தன்னுள் வாங்கிக்கொண்டு விழும். உடனே அதே இடத்தில் அடுத்த சொட்டு திரளத் தொடங்கும். நான் எதையும் வேண்டவில்லை, எந்த மந்திரமும் சொல்லவில்லை. படியிறங்கும்போதுதான், அவ்வளவு நேரமும் நான் தனியாக இருந்ததாகவே தோன்றவில்லை என்பதை உணர்ந்தேன்.

வேண்டுதல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருப்பது அடுத்த தவறு. நிலக்கடலைக் கொல்லையில் களையெடுத்து முடித்து, வரப்பில் அப்பாவுக்குப் பக்கத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். கைபேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள், படம் எடுக்கும் எண்ணத்தையும் அதனுடன் சேர்த்து வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, ‘சாமி பார்த்துக்கொள்வார்’ என்று துணிந்து காட்டுக்குள் தனியே நுழைவது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பகுதிக் காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. அந்தக் காடுகளின் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து வரும் யானைக் கூட்டங்களும் சேர்ந்துகொள்வதால், ஜவளகிரி, தளி வட்டாரத்தில் வயலோரம்கூட அந்திக்குப் பிறகு பாதுகாப்பானதன்று. ஒகேனக்கல்லில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், இங்கே ஒரு துளி மழை பெய்யாதபோதும், கர்நாடக அணைகள் திறக்கப்பட்டால் நீர்மட்டம் ஏறிவிடும். ஆற்றின் நடுப்பாறையில் கண்மூடி அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாது. இறைவன் தந்த கண்ணையும் காதையும் அறிவையும் அடைத்துவைத்துவிட்டு அவனுடைய காவலை எதிர்பார்ப்பதை நான் பக்தி என்று ஒப்பமாட்டேன். கோடையில் காய்ந்த புல்லுக்கு நடுவே கற்பூரம் ஏற்றுவதும் இதே வகைத் தவறுதான். ஒரு பொறி போதும், மலைச்சரிவு முழுவதும் எரிந்துவிடும்.

தொலைவில் உள்ள இடத்தில்தான் இறைத்துணை கிடைக்கும் என்று எண்ணி, ஆண்டுக்கு ஒரு நாளுக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. காசியிலிருந்து தீர்த்தம் வந்துசேரத் தாமதமானதால் இராமர் அம்பெய்து அந்தப் பாறையிலேயே நீரை வரவழைத்தார் என்பது தீர்த்தமலையின் தலவரலாறு. நம் ஊர் ஏரிக்கரையிலும் ஒரு புளியமரம் இருக்கும். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அதன் அடியில் அரைமணி நேரம் உட்காருங்கள், இருட்டுவதற்குள் எழுந்து வந்துவிடுங்கள், மறுநாளும் போங்கள்.