ஐந்து லேப்டாப், ஒரு தாளம்: சேலத்துச் சத்தங்களில் மாணவர் இசைக்குழு

ஐந்து மாணவர்கள் ஐந்து லேப்டாப்போடு உட்கார்ந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு வாசிப்பது தனி வித்தை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் டான் ட்ரூமனும் பெர்ரி குக்கும் இப்படியொரு குழுவைத் தொடங்கினார்கள். அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆளுக்கொரு ஸ்பீக்கர் வைத்ததுதான். வயலின்காரர் இருக்கும் இடத்திலிருந்து வயலின் கேட்கிறது அல்லவா, லேப்டாப்பும் அப்படியே ஒலிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் தன் சத்தம் எது என்று மாணவருக்கே தெரியாது.

தேவையானவை: லேப்டாப்புகள், வயர் உள்ள சிறு ஸ்பீக்கர்கள், ஒரு செல்போன், ஒலியை வெட்டி அடுக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும், தாளம் நிற்காது.

1. சத்தம் சேகரியுங்கள்

ஆளுக்கு ஒரு சத்தம் போதும். அம்மாபேட்டைத் தறியின் 'டக்', வெள்ளிக் கொலுசின் 'சில்', எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைக்கும் ஓசை, ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன். பட்டறைக்குள் போகும்முன் அங்கிருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். எங்கள் முதல் ஒத்திகைக்கு ஐந்து பேரும் தறிச் சத்தத்தையே பதிவுசெய்து வந்தார்கள். கேட்டதெல்லாம் இரைச்சல். கனமானது ஒன்று, மெல்லியது ஒன்று, நீண்டது ஒன்று என்று முன்பே பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

2. எட்டு எண்ணிக்கையில் அடுக்குங்கள்

இதில் அவசரம் கூடாது. நமக்குக் கைவந்த ஆதி தாளத்தையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வைத்தால் ஓர் எண்ணிக்கை 0.75 வினாடி, எட்டும் சேர்ந்த ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 வினாடி. ஆடாசிட்டியில் ஒரே ஒரு 'டக்'கை மட்டும் வெட்டியெடுத்து, முடிவில் ஃபேட் அவுட் (ஒலி மெல்லத் தேய்ந்து அடங்குவது) கொடுங்கள். இல்லாவிட்டால் வெட்டிய இடம் 'க்ளிக்' என்று கேட்கும். பிறகு நகல் எடுத்து வையுங்கள். தறிக்கு 0, 3, 4.5 வினாடிகள். இவை 1, 5, 7-ஆம் எண்ணிக்கைகள், அதாவது தாளத்தில் கை தட்டும் இடங்கள். கொலுசுக்கு 2.25, 5.25.

ஒருவருக்கு மூன்று அடிக்கு மேல் கொடுக்காதீர்கள். எட்டையும் நிரப்பத்தான் மாணவர்களுக்குக் கை பரபரக்கும். காலியாக விட்ட இடத்தில்தான் பக்கத்திலிருப்பவர் கேட்பார்.

3. லூப் பகுதியைக் குறியுங்கள்

லூப் என்பது திரும்பத் திரும்ப ஒலிக்கும் பகுதி. காலக்கோட்டில் 0 முதல் 6 வினாடி வரை, துல்லியமாக. ஒருவருடையது 6.002 என்று இருந்தால், பத்து நிமிடத்தில் நூறு சுற்று ஓடி 0.2 வினாடி பின்தங்கிவிடும். அது காதில் நன்றாகவே உறைக்கும்.

4. அரைவட்டமாக உட்காருங்கள்

மூன்று மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 9 மில்லி வினாடி ஆகிறது. அரங்கின் இரு மூலைகளில் உட்கார்ந்தால் தாமதம் தெரியத் தொடங்கும். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள்.

5. வாசியுங்கள்

லேப்டாப் இல்லாத ஒருவர் நடுவில் அமர்ந்து தாளம் போடட்டும். ஓர் ஆவர்த்தனம் வெறும் கைத்தாளம். அடுத்த சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கையில், தறிக்காரர் மட்டும் பிளே அழுத்துவார். நான்கு சுற்றுக்கு ஒருவராக மற்றவர்கள் சேரலாம். யாராவது விலகினால் துரத்திப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். நிறுத்திவிட்டு அடுத்த சமத்துக்குக் காத்திருக்கட்டும். எல்லோரும் வந்ததும் ஒலியளவை மட்டும் கையாளுங்கள்: கொலுசு கேட்கவில்லையென்றால் கொலுசைக் கூட்டாதீர்கள், மற்ற நால்வரும் குறையுங்கள்.

முடிக்கும்போது வந்த வரிசையிலேயே ஒவ்வொருவராக விலகுங்கள். கடைசியாக வந்தவரின் சத்தம் இரண்டு சுற்று தனியே ஒலிக்கட்டும். பிறகு தாளம் போடுபவர் கையை மடியில் வைத்துவிடலாம்.