கார்ட்டூன் படத்துக்கு வரும் மார்க்கை எப்படிப் படிப்பது?

சனிக்கிழமை ராத்திரி பிள்ளைக்கு என்ன படம் போடலாம் என்று போனைத் துழாவினால், ஒரே படத்துக்கு மூன்று விதமான தீர்ப்பு கண்ணில் படும். யார் சொல்வது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விமர்சகர், ரசிகர், விருதுக்கு ஓட்டுப் போடுபவர், மூவரும் பதில் சொல்லும் கேள்வியே வேறு.

2023இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் படத்தையே எடுத்துக்கொள்வோம். விமர்சனங்களைத் திரட்டிக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் பக்கம் 59 சதவீதம், ரசிகர்கள் பக்கம் 95. வசூல் 130 கோடி டாலருக்கு மேல். ஆஸ்கரின் அனிமேஷன் பிரிவில் நாமினேஷன்கூட இல்லை.

முதலில் அந்த 59. இது நூற்றுக்கு 59 மார்க் இல்லை, நூறு விமர்சனங்களில் 59 'பார்க்கலாம்' என்கிற பக்கம் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். பத்து பேரும் "ஏதோ பரவாயில்லை" என்று எழுதினால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம் வந்துவிடும். ஆறு பேர் தலையில் தூக்கிவைத்து ஆடி, நாலு பேர் கிழித்துத் தொங்கவிட்டால் 60தான். அதனால் பக்கத்திலேயே மெட்டாக்ரிட்டிக் என்ற தளத்தையும் பாருங்கள், அது விமர்சகர்கள் போட்ட மார்க்கின் சராசரி. சதவீதம் எகிறி சராசரி சுமாராக இருந்தால், யாரையும் தொந்தரவு செய்யாத படம் என்று வைத்துக்கொள்ளலாம். மாரியோவுக்கு அங்கே 46. சரி, அப்புறம் இரண்டு விமர்சனங்களையாவது திறந்து, குறை என்னவென்று படியுங்கள். "கதை ஒன்றுமில்லை, வீடியோ கேமில் இருந்ததையே வரிசையாகக் காட்டுகிறார்கள்" என்பதுதான் புகார் என்றால், அந்த கேமே கதி என்று கிடக்கும் பிள்ளைக்கு அது புகாரா என்ன?

ரசிகர் மார்க்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிடிக்கும் என்று நினைத்து டிக்கெட் எடுத்தவர்கள்தான் மார்க் போடுகிறார்கள். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் படம் வெளியாகும் நேரத்திலேயே தியேட்டருக்கு வந்தவர்களிடம் கேட்டு கிரேடு தருகிறது. மாரியோவுக்கு 'ஏ'. குடும்பத்தோடு பார்க்கும் படத்துக்கு 'ஏ' கிடைப்பதில் அதிசயமில்லை. விமர்சகர்கள் ஒற்றை இலக்கத்தில் நிறுத்திய இமோஜி மூவிக்கே 'பி' கிடைத்தது! ஆகவே கார்ட்டூன் படத்துக்கு 'பி' என்றால் நான் ஃபெயில் என்றே எடுத்துக்கொள்வேன்.

விருதுதான் ரொம்பக் குழப்பும். ஆஸ்கரில் அனிமேஷன் பிரிவு 2002இல் ஷ்ரெக் படத்தோடு ஆரம்பித்தது. கடைசிச் சுற்றில் நடிகர், எடிட்டர், ஒலிக்கலைஞர் என்று அகாடமி உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். ஆனி விருது அப்படியில்லை, அது அனிமேஷன் தொழிலுக்குள்ளேயே கொடுக்கும் விருது. 2008ஆம் வருஷப் படங்களில் ஆனியை குங்ஃபூ பாண்டா அள்ளிக்கொண்டு போக, ஆஸ்கர் வால்-ஈக்குப் போனது. 2023ஆம் வருஷப் படங்களில் ஆனி ஸ்பைடர்மேனுக்கு, ஆஸ்கர் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படத்துக்கு. படம் வரைகிற, எடிட்டிங் கற்றுக்கொள்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஆனி பட்டியலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விருதுப் படம் என்றால் பிள்ளை தூங்கிவிடும் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2025இல், 169 கோடி டாலர் வசூலித்த இன்சைடு அவுட் 2 போட்டியில் இருந்தபோதே, ஃப்ளோ என்ற லாட்வியா படம் ஆஸ்கரைத் தட்டிச் சென்றது. பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் செய்த படம், ஒரு வசனம் கிடையாது. டப்பிங்கும் வேண்டாம், சப்டைட்டிலும் வேண்டாம் என்பதால் ஆறு வயது மகளுக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளம் ஏறி அந்தக் கருப்புப் பூனைக்கு நிற்க இடமில்லாமல் போனபோது என் கையை இறுக்கிப் பிடித்தவள், கடைசி வரை விடவில்லை. முடிந்ததும் பூனை இப்போது எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டே தூங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கேட்டது என்னவோ மாரியோதான்.