மீனுக்கு மருந்து, இறாலுக்கு நஞ்சு

கடல்நீர்த் தொட்டியில் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டால், தாமிரம் கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்; மீன் தாங்கிக்கொள்ளும் அளவே இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும். பாறையிலும் மணலிலும் ஊறிய தாமிரம் பின்னரும் நீரில் கசியும் என்பதால், நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை அளிப்பதே சரி.

உப்புத்தன்மையிலும் கவனம் தேவை. மீன் தன் உடலின் உப்பளவைச் செவுள், சிறுநீரகம் வழியாகத் தானே சீராக வைத்துக்கொள்கிறது. பெயரில் மட்டும் மீனான, முதுகெலும்பற்ற நட்சத்திர மீனுக்கோ அந்தத் திறன் இல்லாததால், சுற்றியுள்ள நீர் மாறினால் அதன் உடல்நீரும் உடனே மாறத் தொடங்கும். ஆகவே புதிதாக வாங்கிய நட்சத்திர மீனை நேரே தொட்டியில் விடாமல், அது வந்த நீரில் தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இரு நீரின் உப்பளவும் ஒன்றான பிறகே, காற்றுப் படாமல் மாற்றுங்கள்.