செய்தி வந்த அன்றைக்கே குதிக்காதீர்கள்

2023 ஜூலை கடைசி வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. காரணம் ஒரு சாம்பல் நிறத் துணுக்கு. காந்தத்தின் மேல் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனை தரையை விடாமல், அரைகுறையாக மிதந்த அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். எல்கே-99 என்று பெயர். அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தி கிடைத்துவிட்டதாகத் தென்கொரிய ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். "இனி கம்பியில் மின் இழப்பே கிடையாது, எம்ஆர்ஐ ஸ்கேன் பாதி விலைக்கு வரும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாய்ஸ் நோட் போட்டேன். பெரியப்பா ஒரு கட்டைவிரல் போட்டார். மூன்று வாரத்தில் சாயம் வெளுத்தது.

நான் செய்தது டெக் பிரியர்கள் எல்லோரும் செய்கிற முதல் தவறு: முன்பதிப்பைக் கண்டுபிடிப்பு என்று நம்பியது. எல்கே-99 கட்டுரை வந்த ஆர்கைவ் என்பது முன்பதிப்புகளைப் போடும் இணையதளம். அங்கே போடப்படும் கட்டுரையைச் சக விஞ்ஞானிகள் யாரும் அதற்கு முன்னால் சரிபார்த்திருக்க மாட்டார்கள். "இதோ பாருங்கள், தப்பிருந்தால் சொல்லுங்கள்" என்று முற்றத்தில் வைப்பது போலத்தான். அதில் தப்பேதும் இல்லை. நாம்தான் அதற்கு மாலை போட்டுவிடுகிறோம்.

இதில் எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம், விடை அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருந்தது என்பதுதான். மின்தடை சட்டென்று விழுந்த இடம் சுமார் 104 டிகிரி செல்சியஸ். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினுக்கு அந்த எண் பழகிய எண். காப்பர் சல்பைடு அதே வெப்பநிலையில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது மின்தடையும் தாவும். எல்கே-99 தயாரிக்கும்போது கழிவாகக் கிடைப்பதும் அதே காப்பர் சல்பைடுதான்! பிறகு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாமல் அந்தப் படிகத்தை வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் கல்லாக வந்தது. மீக்கடத்தியாவது ஒன்றாவது, மின்தடை லட்சக்கணக்கான ஓமில் இருந்தது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்துக் கைவிரித்தது. அந்த அரைகுறை மிதப்புக்குச் சாதாரணக் காந்தத்தன்மையே போதும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வேறு யாராவது, வேறு ஊரில், வேறு கருவியில் செய்து பார்த்தார்களா என்று தேடுவேன். இல்லையென்றால் செய்தியைச் சேமித்துவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

அடுத்தது, கணக்கின் எல்லையைப் பார்க்காமல் விடுவது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், லேசர்களைப் பாய்ச்சிச் செய்த அணுக்கரு இணைவில் (சிறு அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுக்கும் முறை) போட்டதைவிட அதிக ஆற்றலை எடுத்ததாக அறிவித்தது. பொய் இல்லை. லேசர் கதிர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். உண்மையான சாதனை. ஆனால் நம் ஈ.பி. பில் கணக்கில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அதாவது கிடைத்தது ஒரு யூனிட்கூட இல்லை. அந்த லேசர்களை ஒரு முறை சுட வைக்க எடுத்த மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல், 80 யூனிட்டுக்கு மேல். "போட்டது" என்பதை லேசர் முனையிலிருந்து எண்ணுகிறார்களா, சுவரில் உள்ள பிளக்கிலிருந்து எண்ணுகிறார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சதவீதம் இன்னும் மோசமான கண்ணி. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியலாளர் நிக்கு மதுசூதனின் குழு, 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்பைடு இருக்கலாம் என்றது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. செய்தியோடு 99.7 சதவீதம் என்று ஒரு எண்ணும் வந்தது. உடனே, "வேற்றுக்கோளில் உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு" என்று பரப்பிவிட்டார்கள். அந்த எண் சொன்னது அதுவல்ல. தரவில் வெறும் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், மட்டுமே இருந்தாலும் இப்படியொரு சமிக்ஞை தெரிய 0.3 சதவீத வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். சமிக்ஞை நிஜமென்றாலும் அது அந்த வாயுதானா, அந்த வாயுவே ஆனாலும் அதை உண்டாக்கியது உயிர்தானா என்று இன்னும் இரண்டு வாசல் தாண்ட வேண்டும். உயிரே இல்லாத 67பி என்ற வால்மீனிலும் இதே வாயுவின் தடயம் கிடைத்திருக்கிறது. மதுசூதன் தரப்பே நிதானமாகத்தான் பேசியது. குதித்தது நாம்.

சரி, கையில் வாங்கும் பொருளுக்கு வருவோம். இங்கே தவறு நேராகப் பணத்தில் போய் முட்டும்.

ஒரு ரயில் பயணத்துக்காக 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. வகுத்தால் நாலு தடவை சார்ஜ் ஏற வேண்டும். மூன்றாவது தடவை 80 சதவீதத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப் போய்ப் பொருளைத் திருப்பிப் பார்த்தால், அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் "ரேட்டட் கெபாசிட்டி 12,500" என்று இருந்தது. தப்பு என்னுடையதுதான். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், அந்த 20,000 அதற்கான கணக்கு. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-ஹவர், அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். வெளியே 5 வோல்ட்டாக வரும்போது அதே ஆற்றல் 14,800 எம்ஏஹெச் ஆகிவிடும். மாற்றும் சர்க்யூட் சூடாகி விழுங்குவது போக மீதிதான் நமக்கு. அதனால் இப்போதெல்லாம் எம்ஏஹெச்சைப் பார்ப்பதில்லை, வாட்-ஹவரைத்தான் பார்க்கிறேன். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகப் பொதுவாக உள்ள வரம்பும் 100 வாட்-ஹவர் என்றுதான் இருக்கிறது.

இதே ரகத்தில் இன்னும் சில. 200 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் 16 புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. சிப்பில் "3 நானோமீட்டர்" என்பது தலைமுறையின் பெயர், உள்ளே எதையும் அளந்து வைத்ததல்ல. ஐபி68 என்ற நீர் புகாத் தரம் புது போனை அசையாத நன்னீரில் வைத்துச் செய்த சோதனை. மெரினாவில் அலையோடு செல்பி எடுக்கக் கொடுத்த லைசென்ஸ் அல்ல. நனைந்தால் அரிசி டப்பாவில் புதைப்பதும் வேண்டாம், துகள் உள்ளே போகும் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

சூடுபட்ட பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் தவறுதான். "பேட்டரி புரட்சின்னு பத்து வருஷமா சொல்றான், ஒண்ணும் வரல" என்று ஒரு நண்பர் அடிக்கடி சொல்வார். வந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. இன்றைய லித்தியம் பேட்டரிக்கு வழிவிட்ட கோபால்ட் ஆக்சைடு மின்வாயை விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு 1980-இல் செய்தது. சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-இல். 2010-க்குப் பிறகு பேட்டரி பேக்கின் விலை ஏறக்குறைய 90 சதவீதம் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவு எந்த ஒரு நாளும் பிரேக்கிங் நியூஸாக வரவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த விஷயத்துக்கு யார் தம்ப்நெயில் போடுவார்கள்?

கடைசியாக, ஆய்வகச் செய்தியை நம்பி வாங்க வேண்டியதைத் தள்ளிப்போடுவது. போன வருஷம் என் மச்சான் கேட்டான்: "மாமா, சாலிட்-ஸ்டேட் பேட்டரி வரப்போகுதாமே, பத்து நிமிஷத்தில் சார்ஜ் ஆகுமாம். மின்சார ஸ்கூட்டர் இப்ப வாங்கட்டுமா, காத்திருக்கட்டுமா?" இன்றைய பேட்டரிக்குள் இருக்கும் திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைப்பதுதான் சாலிட்-ஸ்டேட். டொயோட்டா இந்த பேட்டரியை 2020-களின் தொடக்கத்தில் காரில் வைப்போம் என்று ஒரு காலத்தில் சொன்னது, பிறகு 2027-28 என்றது. அதுவும் காருக்கு. ஸ்கூட்டருக்கு எப்போது, எந்த விலையில் என்று தேடியும் எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவாய் என்று கேட்டேன். போக வர 34 கிலோமீட்டர் என்றான். வாங்கிவிடு என்றேன். அடுத்த வாரமே எலுமிச்சம்பழம் நசுக்கிய படத்தைக் குழுவில் போட்டான். பெரியப்பா அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டார்.