சோற்றை விடாமல் எடை குறைக்கும் வழி: ஒரு தராசு போதும்

ஓட்ஸ், கீன்வா, புரோட்டீன் பவுடர் என்று இரண்டு மாதம் வாங்கிச் சாப்பிட்டேன். மளிகைச் செலவு எகிறியது. நிறுத்தியதும் எடை பழையபடி ஏறிவிட்டது. அதன் பிறகுதான் வீட்டில் எல்லாருக்கும் வைக்கிற சோறு, குழம்பு, பொரியலையே அளந்து சாப்பிட ஆரம்பித்தேன். எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது.

படி 1: சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். 5 கிலோ வரை நிறுக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். ஸ்மார்ட் வாட்ச், மாதச் சந்தா கட்டும் ஆப் எதுவும் வேண்டாம். கூடவே ஒரு தையல் டேப். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது.

படி 2: முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, டீக்குப் போடும் சர்க்கரை உட்பட எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

படி 3: சோறு. நான் சறுக்கிய இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அது வெந்தால் தண்ணீரை இழுத்து ஏறக்குறைய மூன்று மடங்கு எடை ஆகிவிடும். அதனால் 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். நானோ சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக்கான கணக்கைப் போட்டேன். 150 கிராம் சோறு 500 கலோரியைத் தாண்டுகிறது என்று பயந்து அதோடு எழுந்துவிடுவேன். உண்மையில் அது 200 கூட இல்லை. ராத்திரி பசி தாங்காமல் மிக்சர் டப்பாவைத் திறப்பேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

காலித் தட்டைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கி, அதன் பிறகு சோறு போடுங்கள். இப்போது மதியம் எனக்கு 200 கிராம் சோறு, அதே அளவு காய், ஒரு முட்டை அல்லது சுண்டல். ராத்திரிப் பசி போய்விட்டது.

படி 4: எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., சுமார் 120 கலோரி. தோசைக்குத் தூக்கிலிருந்து நேராக ஊற்றாதீர்கள், சின்ன ஸ்பூனால் விடுங்கள். எங்கள் நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் வாங்கியது 3 லிட்டராக இறங்கியது. மிச்சக் காசில் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் வாங்குகிறோம்.

படி 5: தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முந்தின நாள் ஊறுகாய், அப்பளம் கூடினால் உடம்பில் நீர் தங்கி முள் ஏறும். அது கொழுப்பு இல்லை. வாரத்துக்குக் கால் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

பிற்சேர்க்கை: பழைய சோற்றை எப்படி நிறுப்பது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ராத்திரி தண்ணீர் ஊற்றும் முன்பே நிறுத்துவிடுங்கள். ஊறினபின் நிறுத்தால் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே வேண்டாம். அதே மருந்தளவில் சாப்பாடு குறைந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.